அணைக்கட்டு தந்த தீவுகள்: ரங்கனதிட்டு, ஒரு நிகழ்வு ஆய்வு

கர்நாடகத்தில் காவிரி நடுவே இருக்கும் பறவைச் சரணாலயம் ரங்கனதிட்டு. அங்கே போய்வருகிறவர்களில் பெரும்பாலோர் அதை இயற்கை தானாகத் தந்த இடம் என்றே நினைத்துத் திரும்புகிறார்கள். நானும் பல வருஷம் அப்படித்தான் நினைத்தேன். ஆற்றின் நடுவே பாறைகள், பாறையைச் சுற்றி மூங்கிலும் தாழையும், மரம் கொள்ளாமல் நாரைகள். இதில் மனிதன் கை எங்கே இருக்கிறது என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் அந்தத் தீவுகளை உண்டாக்கியது மனிதன் கட்டிய ஒரு அணைக்கட்டு. அவற்றை இன்றைக்கும் காப்பாற்றுவது, சில சமயம் மூழ்கடிப்பது, மேலே இருக்கும் இன்னொரு அணை. இந்த இரண்டுக்கும் நடுவில்தான் பறவைகள் கூடு கட்டுகின்றன. இதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அங்கே எப்படிப் போகவேண்டும், போகிறவன் என்ன செய்தால் அந்த இடத்துக்கு உபகாரமாக இருக்கும் என்ற கேள்விக்கு எனக்கு ஒரு பிடி கிடைத்தது.

நான் ஸ்ரீரங்கத்துக்காரன். காவிரியில் மூன்று ரங்கங்கள் உண்டு என்பது எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைகளுக்கும் தெரியும். ஆதிரங்கம் ஸ்ரீரங்கப்பட்டணம், மத்தியரங்கம் சிவசமுத்திரம், அந்தியரங்கம் எங்களுடையது. மூன்றுமே ஆறு இரண்டாகப் பிரிந்து மறுபடி சேருகிற இடத்துத் தீவுகள். அதனால் ரங்கனதிட்டு எனக்கு வேற்று மாநிலத்துச் சுற்றுலா இடமாக ஒருநாளும் தோன்றியதில்லை. நாங்கள் குளிக்கிற தண்ணீர் அந்தத் தீவுகளை உரசிவிட்டு வந்த தண்ணீர்.

இடம், அளவு, பிறப்பு

கர்நாடகத்தில் மண்டியா மாவட்டம், ஸ்ரீரங்கப்பட்டணம் வட்டம். மைசூரிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். திருச்சி, கரூர், ஈரோடு பக்கத்து ஆட்கள் மயிலாடுதுறை வழியாக வரும் மைசூர் விரைவு ரயிலில் ஏறினால் இரவு தூங்கி எழுந்து மைசூரில் இறங்கலாம். அங்கிருந்து பஸ், ஆட்டோ.

சரணாலயத்தின் பரப்பு 0.67 சதுர கிலோமீட்டர். நம் கணக்கில் சுமார் 165 ஏக்கர். ஒரு நடுத்தர ஏரியின் அளவுகூட இல்லை. இந்தச் சின்ன இடத்தில் 225க்கு மேற்பட்ட பறவை இனங்கள் பதிவாகியிருக்கின்றன. மஞ்சள் மூக்கு நாரை, கூழைக்கடா, வெள்ளை அரிவாள் மூக்கன் ஆகியவை உலகத்தில் மொத்தம் எத்தனை உண்டோ அதில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் இங்கே தங்குகின்றன. 2022-ல் இதை ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களில் ஒன்றாக அறிவித்தார்கள். கர்நாடகத்துக்குக் கிடைத்த முதல் ராம்சார் தகுதி இதுதான். ஆற்றின் இரு கரையையும் சேர்த்து ராம்சார் எல்லை 517.70 ஹெக்டேர் என்று விரிகிறது.

தீவுகளின் கதை 1645-ல் தொடங்குகிறது. மைசூரை ஆண்ட கண்டீரவ நரசராஜ உடையார் 1645க்கும் 1648க்கும் இடையில் காவிரியின் குறுக்கே ஒரு அணைக்கட்டு கட்டினார். கரைபுரண்டு ஓடிக்கொண்டிருந்த ஆறு அங்கே நின்று பரவியது. மேடாக இருந்த இடங்கள் தண்ணீர் சூழ்ந்து தனித்தனித் திட்டுகளாயின. 'திட்டு' என்ற சொல் கன்னடத்திலும் தமிழிலும் ஒன்றுதான். அணைக்கட்டு என்ற நம் சொல்லைத்தான் ஆங்கிலேயப் பொறியாளர்கள் 'அனிகட்' என்று எழுதி உலகம் முழுக்கக் கொண்டுபோனார்கள். கல்லணையைப் பார்த்து வளர்ந்தவனுக்கு இது உடனே புரியும். ஆற்றை முழுசாக அடைக்காமல், குறுக்கே ஒரு வரம்பு போட்டு, தண்ணீரை நிதானப்படுத்துகிற பழைய வேலை. வாய்க்காலுக்குத் தண்ணீர் ஏற்றத்தான் அதைச் செய்தார்கள். பறவைகள் வரும் என்று யாரும் கணக்குப் போடவில்லை.

முந்நூறு வருஷம் கழித்து பறவையியல் அறிஞர் சாலிம் அலி வந்தார். மைசூர் சமஸ்தானத்தின் பறவைகளைக் கணக்கெடுக்க வந்தவர், இந்தத் திட்டுகளில் கூடுகளின் நெருக்கத்தைக் கண்டு, இதைக் காப்பாற்றவேண்டும் என்று மைசூர் அரசிடம் எடுத்துச் சொன்னார். 1940-ல் சரணாலயம் ஆனது. சுதந்திரத்துக்கு ஏழு வருஷம் முன்னால், வன உயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வருவதற்கு முப்பத்திரண்டு வருஷம் முன்னால். நம் வேடந்தாங்கல் இதைவிடப் பழசு. அங்கே ஊர்க்காரர்கள் கேட்டுக்கொண்டதன்பேரில் 1798-லேயே செங்கல்பட்டுக் கலெக்டர் எழுத்து கொடுத்திருக்கிறார். ஆனால் வேடந்தாங்கல் ஒரு ஏரி. மழை பெய்தால் நிரம்பும், கோடையில் வற்றும், பறவைகளும் அதற்கேற்ப வந்து போகும். ரங்கனதிட்டு ஓடும் ஆறு. அதன் தண்ணீர் மட்டத்தைப் பருவம் மட்டும் தீர்மானிப்பதில்லை.

பிப்ரவரி: படகில் அரை மணி நேரம்

நான் மூன்று தடவை பிப்ரவரியில் போயிருக்கிறேன். மஞ்சள் மூக்கு நாரை, கரண்டிவாயன், கூழைக்கடா ஆகியவை அப்போது கூட்டில் இருக்கும். வனத்துறைப் படகுகளைத் துடுப்பு போட்டுத்தான் ஓட்டுகிறார்கள். அந்த இடத்தில் நடக்கிற நல்ல காரியங்களில் இதை நான் முதலில் வைப்பேன். மோட்டார் இருந்திருந்தால் இத்தனை கிட்டத்தில் ஒரு நாரையும் நின்றிருக்காது.

கடைசியாகப் போனபோது படகோட்டியிடம் தமிழில் பேச்சுக் கொடுத்தேன். அந்தப் பக்கத்தில் பலருக்குத் தமிழ் தெரியும். "அண்ணா, அந்தப் பெரிய மரத்துக்குக் கிட்ட கொஞ்சம் போகலாமா?" என்று முன்வரிசையில் கேமராவோடு இருந்த ஒருவர் கேட்டார். படகோட்டி துடுப்பைத் தண்ணீரிலிருந்து எடுத்து மடிமேல் வைத்துக்கொண்டார். "வேணாம் சார். நாம கிட்ட போனா அது எந்திரிக்கும். எந்திரிச்சா வெயில் குஞ்சு மேல படும்."

அவர் சொன்னதன் பொருள் ஐந்து நிமிஷத்தில் விளங்கியது. படகு நீரோட்டத்தோடு மெல்ல நகர, மரத்தின் இந்தப் பக்கம் வந்தோம். கூட்டின் விளிம்பில் ஒரு மஞ்சள் மூக்கு நாரை சூரியனுக்கு முதுகு காட்டி, இரண்டு சிறகையும் பாதி விரித்துக்கொண்டு அசையாமல் நின்றது. காய வைத்த வேட்டி மாதிரி சிறகு தொங்கியது. அதன் நிழல் விழுந்த இடத்தில் மட்டும் இரண்டு குஞ்சுகள், இன்னும் பஞ்சு முளைத்த நிலையில், வாயைப் பிளந்து இரைத்துக்கொண்டிருந்தன. நிழல் நகர நகர தாயும் கால் மாற்றி மாற்றித் திரும்பியது. மணி பத்தரை. அது எத்தனை நேரமாக அப்படி நின்றதோ. கேமராக்காரர் படம் எடுத்தார், பிறகு கேமராவைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். கிட்டப் போகச் சொல்லி அவர் அப்புறம் கேட்கவில்லை.

அரிய பறவைகளின் பட்டியலைவிட இந்தச் சின்னப் பார்வைதான் எனக்கு முக்கியம். பயந்து எழும்பிப் பறக்கிற நாரை நமக்கு அழகான படம். அதற்கு அது வெயிலில் விடப்பட்ட குஞ்சு. காகமும் பருந்தும் அந்த நொடிக்காகவே பக்கத்துக் கிளையில் உட்கார்ந்திருக்கின்றன.

இன்னும் கீழே, பாறை இடுக்குகளின் அடிப்பக்கத்தில், மண் உருண்டைகளை ஒட்டி ஒட்டிக் கட்டிய தகைவிலான் கூடுகள். ஒவ்வொன்றும் கழுத்து நீண்ட சுரைக்குடுக்கை போல. பத்து இருபது என்று ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு தொங்குகின்றன. தண்ணீர் மட்டத்துக்கும் அவற்றுக்கும் ஒரு முழம் இடைவெளி இருந்தால் அதிகம். பாறையின் மேற்பரப்பில் பாறையோடு பாறையாக ஒரு பறவை, தடித்த அலகு, பெரிய மஞ்சள் கண். கிரேட் திக்-நீ என்று படகோட்டி ஆங்கிலத்தில் சொன்னார். அவர் கைநீட்டிக் காட்டியும் எனக்கு அது தெரிய ஒரு நிமிஷம் ஆனது. அடுத்த பாறையில் முதலை, வாயைத் திறந்தபடி. இரை பிடிக்க அல்ல, உடம்புச் சூட்டைத் தணிக்க. கர்நாடகத்தில் நன்னீர் முதலைகள் மிகுதியாக வாழும் இடம் இது என்கிறார்கள். முதலையைக் கண்டதும் படகில் கூச்சல் எழுந்தது. குழந்தைகள் கத்துவதை மன்னிக்கலாம், அவர்களைக் கத்தச் சொல்லித் தூண்டுகிற பெரியவர்களை என்னால் மன்னிக்க முடியவில்லை.

அந்த முதலைகளைப் பற்றி ஒரு வார்த்தை. மரத்திலிருந்து தவறி விழும் குஞ்சுகளை அவை தின்னும் என்பது உண்மை. ஆனால் புளோரிடாவில், முதலை இனம் காவல் காக்கிற நீர்ப்பரப்பின் மேலேயே கொக்கும் நாரையும் கூடு கட்ட விரும்புகின்றன, மரமேறித் திருடும் பிராணிகளை முதலை கிட்டே அண்டவிடாது என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். காவிரித் திட்டுகளிலும் தண்ணீரும் முதலையும் சேர்ந்து ஒரு அகழி போல வேலை செய்வதாக நினைக்க நியாயம் இருக்கிறது. நீர்நாயும் இதே தண்ணீரில்தான் இருக்கிறது. மேலே பழந்தின்னி வௌவால்கள் கொத்துக் கொத்தாகத் தலைகீழாகத் தொங்குகின்றன.

ஆகஸ்ட்: அதே இடம், மூழ்கியபின்

ரங்கனதிட்டுக்கு மேலே பத்து கிலோமீட்டர் போலப் போனால் கிருஷ்ணராஜ சாகர். எங்கள் பக்கத்துப் பெரியவர்களுக்கு அது இன்னும் கண்ணம்பாடிதான். 1911-ல் தொடங்கி இருபது வருஷம் போலக் கட்டினார்கள். முழுக் கொள்ளளவு சுமார் 49 டி.எம்.சி., முழு உயரம் 124.80 அடி. ஆடி மாதத்தில் டெல்டாவில் எந்த டீக்கடையில் பேப்பரைப் பிரித்தாலும் முதலில் தேடுவது இந்த எண்ணைத்தான். 120 அடி, 122 அடி என்று ஏறும்போது நெஞ்சு நிறையும். "கண்ணம்பாடி நிரம்பிடுச்சாம்" என்ற ஒரு வரிக்குப் பின்னால்தான் எங்கள் ஊரில் பதினெட்டாம் பெருக்கு உண்மையான பெருக்காகிறது.

2018 ஆகஸ்டில் கண்ணம்பாடி நிரம்பி வழிந்தது. அம்மா மண்டபத்துப் படித்துறையில் எங்கள் வீட்டுப் பெண்கள் காப்பரிசியும் கருகமணியும் வைத்துக் கும்பிட்டார்கள். அடுத்த வாரம் வேறு காரியமாக நான் மைசூர் போனேன், வழியில் ரங்கனதிட்டில் இறங்கினேன். படகு கிடையாது. கரையில் கயிறு போட்டுக் கட்டியிருந்தார்கள். தண்ணீர் செம்மண் நிறத்தில், பிப்ரவரியில் நான் நடந்த பாதையின் ஓரம் வரை வந்திருந்தது. முதலை படுத்திருந்த பாறையைக் காணோம். தகைவிலான் கூடுகள் இருந்த இடுக்கைக் காணோம். சிறிய திட்டுகள் இருந்த இடத்தில் மூங்கில் நுனிகள் மட்டும் நீரோட்டத்தில் நடுங்கிக்கொண்டிருந்தன. உயரமான மருத மரங்களின் தலையில் கூடுகள் மிஞ்சியிருந்தன. அதற்குக் கீழே இருந்ததெல்லாம் போய்விட்டது. மழைக்காலத்தில்தான் கொக்கும் நீர்க்காகமும் வக்காவும் நத்தைக்குத்தி நாரையும் கூட்டம் கூட்டமாகக் கட்டத் தொடங்கும். அவை கட்டியது தாழ்வான கிளைகளில்.

நான் அங்கே நின்ற நேரத்தில் என் மனது இரண்டாகக் கிழிந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு வாரம் முன்னால் நான் பூ போட்டுக் கும்பிட்ட அதே தண்ணீர் இது. மேட்டூர் நிரம்பினால்தான் தஞ்சாவூரில் சம்பா. இது வேண்டாம் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். கரையில் நின்ற வனக் காவலரிடம் என் ஊரைச் சொன்னேன். "அப்ப இது உங்களுக்குத்தான் போகுது" என்று தண்ணீரைக் காட்டினார். அதில் குற்றம் சாட்டும் தொனி எதுவும் இல்லை. அவர் சொன்னது உண்மை.

அந்த வெள்ளம் எங்களையும் சும்மா விடவில்லை. ஆகஸ்ட் 22 இரவு முக்கொம்பில் கொள்ளிடம் மேலணையின் 45 மதகுகளில் 9 மதகுகள் அடித்துச் செல்லப்பட்டன. ஒரே ஆறு, ஒரே மாதம், மேலே தீவுகளின் ஓரம் கரைகிறது, கீழே பழைய மதகுகள் சாய்கின்றன. மறு வருஷம் 2019 ஆகஸ்டிலும் திட்டுகள் மூழ்கின. கணுக்காலளவு மண்ணில் வேர்விட்ட மரங்கள் அடுத்தடுத்த வெள்ளத்தைத் தாங்குவதில்லை. மரம் சாய்ந்தால் மண் போகும், மண் போனால் அடுத்த மரம் சாயும். சில திட்டுகளின் ஓரங்களை ஆறு இப்படித்தான் அரித்துவிட்டது. வெள்ளம் வடிந்தபின் மணல் மூட்டை அடுக்கி, மண் கொட்டி, கன்று நடுகிற வேலை வனத்துறைக்கு. 1645-ல் ஒரு தடவை கட்டியதோடு முடிந்த தீவுகள் அல்ல இவை. திரும்பத் திரும்பக் கட்டப்படுகின்றன.

கோடையில் ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வருகிறது. அணையிலிருந்து வரத்து குறைந்தால் திட்டுக்கும் கரைக்கும் நடுவே இருக்கும் அகழி ஆழம் இழக்கிறது. நாயும் கீரிப்பிள்ளையும் காலை நனைத்துக்கொண்டு ஏறிவிடக்கூடிய அளவுக்கு வந்தால், தரையிலும் பாறையிலும் முட்டையிடும் பறவைகளுக்குத் தப்பிக்க இடமில்லை. அதற்கு மாறாக, மார்ச்சிலோ ஏப்ரலிலோ பாசனத்துக்கோ குடிநீருக்கோ சட்டென்று திறந்துவிட்டால், வெறும் பாறைமேல் முட்டையிட்டிருக்கும் ஆற்று ஆலாவின் கூடு ஒரே இரவில் போய்விடும். ஆலா கூடென்று எதையும் கட்டுவதில்லை, பாறைப் பள்ளத்தில் முட்டை, அவ்வளவுதான். கொஞ்சம் ஏறினாலும் சாவு, கொஞ்சம் இறங்கினாலும் சாவு. இந்த நடுமட்டத்தைக் காக்கும் பொறுப்பு பறவைகளைப் பற்றி நினைக்கவேண்டிய கட்டாயமில்லாத ஒரு மதகில் இருக்கிறது. அணையைத் திறக்குமுன் ஆற்றோர ஊர்களுக்கு எச்சரிக்கை போகிறது. அந்த எச்சரிக்கை போகும் வரிசையில் கோடைக் காலத்து ஆலாக்களுக்கும் ஒரு இடம் வேண்டும், முடிந்தால் தண்ணீரைப் படிப்படியாக ஏற்றவேண்டும் என்பது என் அபிப்பிராயம். வெள்ள நேரத்தில் இது நடக்காது, தெரியும். கோடையில் நடக்கலாம்.

பார்க்க வருகிறவர்கள்

2016–17 வருஷத்தில் இங்கே வந்தவர்கள் ஏறக்குறைய 2,90,000 பேர். கர்நாடகத்துப் பறவைச் சரணாலயங்களில் இவ்வளவு கூட்டம் வேறெங்கும் கிடையாது. 165 ஏக்கருக்கு இது பெரிய பாரம். ஆனாலும் கூட்டமே கூடாது என்று சொல்கிற கட்சியில் நான் இல்லை. அந்தக் கூட்டம் கொடுக்கிற நுழைவுக் கட்டணமும் படகுக் கட்டணமும்தான் இந்த இடத்தை அரசாங்கத்தின் கண்ணில் மதிப்புள்ளதாக வைத்திருக்கின்றன. 2014–15-ல் சரணாலயத்தை ஒட்டிய 28 ஏக்கர் தனியார் நிலத்தை வனத்துறை வாங்கிச் சேர்த்தது. யாரும் எட்டிப் பார்க்காத ஒரு திட்டாக இருந்திருந்தால், மைசூர் நெடுஞ்சாலைக்கு இத்தனை பக்கத்தில் அந்த 28 ஏக்கரில் இந்நேரம் விடுதி எழும்பியிருக்கும்.

ஆக, போவது தப்பில்லை. எப்படிப் போகிறோம் என்பதில்தான் எல்லாம். ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மைசூர் அரண்மனைக்கும் பிருந்தாவனத்துக்கும் நடுவே ஒரு மணி நேரம் ஒதுக்கி வருகிற வேன் கூட்டத்துக்குக் கிடைப்பது வரிசையும் வியர்வையும்தான். வார நாளில், கதவு திறக்கும் நேரத்தில் போனால் வெயில் ஏறுமுன் படகு கிடைக்கும். பறவைகள் இரையெடுக்கப் போகிற வருகிற நேரமும் அது. ஒரு தடவை படகில் போய்விட்டு, பிறகு கரையோர மூங்கில் நிழலில் ஒரு மணி நேரம் சும்மா உட்காருங்கள். படகில் பார்த்ததைவிட அதிகம் பார்ப்பீர்கள். நான் நீர்நாயைப் பார்த்தது அப்படித்தான். மூன்று தலைகள் தண்ணீருக்கு மேலே வந்தன, ஒன்று மீனைக் கடித்தபடி பின்னோக்கி நீந்தியது, மறுபடி ஒன்றும் இல்லை.

தின்பண்டத்தைப் பைக்குள்ளேயே வைத்திருங்கள். வண்டி நிறுத்துமிடத்துக் குரங்குகளுக்கு பிஸ்கட் போடுவது பெரிய அன்பு போலத் தோன்றும். அந்த பிஸ்கட்டில் பெருகிய கூட்டம் நாளைக்குக் கூடுகளைத் தேடும். பிளாஸ்டிக் உறை ஒன்று காற்றில் பறந்து ஆற்றில் விழுந்ததை என் கண்ணெதிரே ஒரு கூழைக்கடா அலகால் தட்டிப் பார்த்தது. விழுங்கவில்லை. அன்றைக்கு விழுங்கவில்லை, அவ்வளவுதான்.

படகோட்டியிடம் கிட்டப் போகச் சொல்லிக் காசு நீட்டாதீர்கள். தூரத்தில் நிறுத்துகிற படகோட்டிக்குக் கை நிறையக் கொடுங்கள், ஏன் கொடுக்கிறோம் என்பதையும் வாய்விட்டுச் சொல்லுங்கள். எந்த நாரை எந்த வாரம் குஞ்சு பொரித்தது, எந்தத் திட்டின் ஓரம் இந்த வருஷம் சரிந்தது என்பதெல்லாம் அவர்கள் மனதில்தான் இருக்கிறது. அந்த அறிவுக்கு மரியாதை கிடைத்தால் அது அடுத்த தலைமுறைக்குப் போகும்.

சரணாலயத்துக்கு வெளியே

ரங்கனதிட்டில் கூடு கட்டுகிற பறவை ரங்கனதிட்டில் மட்டும் சாப்பிடுவதில்லை. இது எனக்குப் புரிய நாளானது. நத்தைக்குத்தி நாரையின் அலகுக்கு நடுவே ஒரு இடைவெளி இருக்கும், அலகை மூடினாலும் மூடாது. நத்தையை உடைக்காமல் ஓட்டுக்குள்ளிருந்து சதையை உருவி எடுக்கிற கருவி அது. நத்தை எங்கே? மண்டியாவின் நெல் வயலில். கண்ணம்பாடியிலிருந்து புறப்படும் விஸ்வேஸ்வரய்யா கால்வாய் பாய்கிற வயல்களில் காலை நேரம் பஸ்ஸில் போனால் வரப்புக்கு வரப்பு நாரை நிற்பதைப் பார்க்கலாம். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் சுற்றுவட்டார ஏரிகளில் மீன் பிடித்துக்கொண்டு திரும்புகின்றன. ஆக, திட்டு என்பது தொட்டில் மட்டும். அடுக்களை வெளியே இருக்கிறது. அந்த வயலில் அடிக்கிற பூச்சிமருந்தும், தூர்ந்துபோகிற ஏரியும், ஆற்றில் கலக்கிற சாக்கடையும் வேலிக்கு உள்ளே இருக்கிற குஞ்சின் வயிற்றுக்கு வந்துசேரும்.

இதே மாவட்டத்தில் மத்தூர் வட்டத்துக் கொக்கரெபெள்ளூரைப் பார்த்தவர்களுக்கு இது இன்னும் நன்றாகத் தெரியும். அங்கே சரணாலய வேலியே கிடையாது. கூழைக்கடாவும் மஞ்சள் மூக்கு நாரையும் ஊர் நடுவே, வீட்டு முற்றத்துப் புளியமரத்தில் கூடு கட்டுகின்றன. பறவை இருக்கும் மரத்தில் புளி உலுக்க முடியாது. அந்த நஷ்டத்துக்கு வனத்துறை ஈடு கொடுக்கிறது. பணம் பெரிதல்ல. ஊர்க்காரர்கள் அந்தப் பறவையைத் தங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்த மகளாக நினைக்கிறார்கள், அதுதான் அதன் காவல். ரங்கனதிட்டுக்குப் போகிறவர்கள் அரை நாள் சேர்த்து அங்கேயும் போய்வரலாம். ஒன்று அரசு காக்கும் ஆற்றுத் திட்டு, மற்றது ஊர் காக்கும் புளியமரம். இரண்டிலும் ஒரே பறவை.

தூரத்தில் இருக்கிறவன் என்ன செய்யலாம்? நான் செய்கிறதைச் சொல்கிறேன். ஜனவரியில் நடக்கும் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987 முதல் நடந்துவருகிறது. பெரும்பாலும் நம்மைப்போன்ற சாதாரண ஆட்கள்தான் அதில் எண்ணுகிறார்கள். நான் ரங்கனதிட்டில் எண்ணுவதில்லை, எங்கள் பக்கத்து ஏரிகளில் எண்ணுகிறேன். போகிற இடமெல்லாம் பார்த்த பறவையை, நேரத்தோடும் எண்ணிக்கையோடும் இ-பேர்ட் என்ற இணையப் பறவைப் பதிவேட்டில் ஏற்றுகிறேன். 'நிறைய நாரை' என்று எழுதினால் பத்து வருஷம் கழித்து யாருக்கும் உதவாது. 'மஞ்சள் மூக்கு நாரை, 46, அதில் கூட்டில் இருந்தவை 19' என்று எழுதினால் உதவும். ஒரு இடம் தேய்கிறதா வளர்கிறதா என்பதை அதிகாரிகளிடம் எடுத்துச் சொல்ல வருத்தம் போதாது. எண் வேண்டும். ராம்சார் தகுதிக்கே 'உலக எண்ணிக்கையில் நூற்றில் ஒன்று' என்ற அளவுகோல் இருக்கிறது. அந்தக் கணக்கை யாரோ கரையில் நின்று எண்ணித்தான் போட்டார்கள்.

கண்ணம்பாடியின் நீர்மட்டத்தை இப்போது நான் கோடையிலும் பார்க்கிறேன். முன்பு ஆடியில் மட்டும் பார்ப்பேன். வரும் மார்ச் கடைசியில் மறுபடி போவதாக இருக்கிறேன். ஆலா பாறையில் முட்டையிடும் நேரம். 2018-ல் ஓரம் சரிந்த திட்டு ஒன்றில் அப்புறம் நட்ட கன்றுகள் போன தடவை என் இடுப்பு உயரம் இருந்தன. கூடு தாங்க இன்னும் வருஷம் வேண்டும். அதில் ஒன்றின் நுனியில் ஒரு கருப்பு வெள்ளை மீன்கொத்தி உட்கார்ந்திருந்தது, கன்று அதன் கனத்துக்கு வளைந்து கொடுத்தது.